இன்னொரு தடவை இழுங்கப்பா

சிறுமலைப் பாதையில் இத்தனை வருஷம் ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டிய என் அப்பாவுக்கு,

நாளைக்கு உங்களுடைய முதல் கல்லறைத் திருநாள். ஒரு வாரமாக அத்தை ஃப்ளெக்ஸ் அடிக்கச் சொல்லி உயிரை வாங்கினார். அச்சடிக்கிற கடைக்குப் போனேன். வாசகமெல்லாம் தயாராக வைத்திருக்கிறார்கள், போட்டோவையும் பெயரையும் மட்டும் மாற்றினால் போதுமாம். படித்துப் பார்த்தேன். உங்களுக்கும் அதில் இருந்த எந்த வரிக்கும் சம்பந்தமில்லை. "ஆலமரம்" என்றெல்லாம் இருந்தது. நீங்கள் எங்கே ஆலமரம்? ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார மாட்டீர்கள்.

வெறுங்கையோடு திரும்பி வந்ததும் அத்தை பிடித்துக்கொண்டார். "ஊர்ல அம்புட்டுப் பேரும் வக்கிறாக, எங்கண்ணனுக்கு மட்டும் ஒண்ணுமில்லையா? அப்ப நீயே நாலு வரி எழுதிக் குடுலே. பெரிய படிப்புப் படிச்சிருக்கேல்ல?"

எழுதுகிறேன். நாலு வரியில் அடங்காது. கோயிலில் அச்சடிக்கிற பங்கு மலரில் போடுவார்களோ, கல்லறைத் தோட்டத்துக் கதவில் ஒட்டுவார்களோ, அத்தை பாடு. படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்கு உங்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. பத்து மாசமாக அதை யாரிடமும் கேட்கவில்லை.

நான் சொன்னதால்தான் செத்தீர்களா?

அன்றைக்கு நடந்தது படிக்கிறவர்களுக்குத் தெரியாது. போன டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒரு மெஷின் நின்று, அதன் பின்னால் மொத்த லைனும் நின்றுபோயிருந்தது. மேனேஜர் என் தலைமாட்டிலேயே நிற்கிறார். அந்த நேரத்தில் உங்கள் போன். கல்லறைத் தோட்டத்துப் புல்வெட்டும் மெஷின் கிளம்பவில்லை என்றீர்கள். பெட்ரோல் இருக்கா என்றேன். இருக்கு என்றீர்கள். சோக் போட்டீங்களா என்றேன். போட்டேன்டா என்றீர்கள்.

"அப்ப ஓவர்ஃப்ளோ ஆயிருக்கும். ப்ளக்கைக் கழட்டித் தொடச்சு மாட்டிட்டு இழுங்க."

"இழுத்துட்டேன்டா."

"இன்னொரு தடவை இழுங்கப்பா. பத்துத் தடவை இழுங்க. பாதியில விடாதீங்க, கயிறு முழுசா வரணும். வைக்கிறேன்."

வைத்துவிட்டேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. போனில் அந்தக் கணக்கு இன்னும் அழியாமல் இருக்கிறது. மதியம் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொண்டுவந்த அத்தை, வீட்டில் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்த உங்களைத் தூங்குகிறீர்கள் என்று நினைத்து, கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

டாக்டர் சொன்னது இது: "ரொம்ப நாளா இருந்த அடைப்பு தம்பி. எப்ப வேணாலும் நடந்திருக்கும்." எப்ப வேணாலும் என்பது ஒரு பதிலா அப்பா? எங்கள் கம்பெனியில் ஒரு மெஷின் நின்றதற்குக் காரணம் கேட்டு, "எப்ப வேணாலும் நிக்கும் சார்" என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைக் கிழித்து முகத்தில் எறிவார்கள். ஏன் அன்றைக்கு, ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். கேட்டுக்கொண்டே போனால் நான் வந்து நிற்கிற இடம் அந்த ஒரு நிமிஷம். அறுபத்தி மூன்று வயசு ஆளைப் பத்துத் தடவை கயிறு இழுக்கச் சொன்னது யார்?

அதனால்தான் அந்த மெஷின் பக்கமே நான் போகவில்லை. ஈஸ்டருக்கு வந்தேன், அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு வந்து உங்கள் பக்கத்தில் நின்றேன். ஷெட் இருக்கிற பக்கம் திரும்பவில்லை.

இந்தத் தடவை புல் விடவில்லை. மழை நல்ல மழை. கோரையும் அருகும் இடுப்புக்கு வளர்ந்து கிடக்கிறது, அம்மா கல்லறை இருக்கிற வரிசையில் சிலுவைகளின் தலை மட்டும் தெரிகிறது. தோளில் மாட்டி வெட்டுகிற மெஷினோடு ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் வெட்டின வெட்டில் சரளைக்கல் தெறித்து மூன்று கல்லறையில் போட்டோ பதித்த ஓடு உடைந்து, சொந்தக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அப்புறம் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்று பேச்சு. செபஸ்தி மாமாதான் எனக்கு போன் போட்டார். குழி வெட்டுவது, கதவு பூட்டுவது, உங்களோடு டீ குடிக்கப் போவது, மூன்றும் அவர் வேலையாக இருந்தது. இப்போது இரண்டுதான்.

"மருந்து அடிச்சா எல்லாம் கருகி, சுடுகாடு மாதிரி ஆயிரும்லே. ஒங்கப்பன் வண்டிய வந்து பாரு" என்றார்.

வண்டி. நீங்கள் வைத்த பெயர். வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம், அங்கே கல்லறைகளைச் சுற்றிப் பச்சைக் கம்பளமாய்ப் புல் இருப்பதைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படி வரட்டும் என்று நான்கு சக்கரம் வைத்த அந்த மெஷினை வாங்கிக் கொடுத்தது. நெருஞ்சி முளைக்கிற மண்ணில் கம்பளமாம். யாரும் தொடவில்லை. நீங்கள் ரிட்டயர் ஆன மறு மாசம் ஓட்ட எதுவும் இல்லாமல் கை அரித்துக்கொண்டு இருந்தீர்கள், எஞ்சினும் நாலு சக்கரமும் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டீர்கள். அதையும் பஸ் மாதிரியே கழுவி, ரிவர்ஸில் ஷெட்டுக்குள் நிறுத்தி, அடுத்த ஆள் தொட்டால் சத்தம் போட்டு...

நாலு நாள் லீவு சொல்லி வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கினேன். யாரோ ஒருவருடைய காதுகுத்து ஃப்ளெக்ஸை வெட்டி நீங்கள் போர்த்தி வைத்த போர்வை அப்படியே இருந்தது. செபஸ்தி மாமா கதவில் சாய்ந்து நின்றார்.

"வா என்ஜினியரு. பத்து மாசம் கழிச்சு மிஷினு செத்ததுக்குத் துஷ்டி கேக்க வந்தியாக்கும்?"

"தள்ளுங்க மாமா, வெளிச்சத்த மறைக்கிறீங்க."

"ஒங்கப்பன் வாயி அப்படியே."

முதலில் ப்ளக் வயரைக் கழற்றிவிட்டேன். அதைக் கழற்றாமல் பிளேடு பக்கம் கை கொண்டுபோகக் கூடாது என்று உங்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். டேங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனை இல்லை, வார்னிஷ் வாசனை. பத்து மாசம் கிடந்து கெட்டுப்போன பெட்ரோல். கார்ப்பரேட்டரைப் பிரித்தேன், அடிக் கிண்ணத்தில் பசை மாதிரி படிந்திருந்தது. வயரில் ஒரு செம்பு இழையை உருவி ஜெட் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருந்தது. புது ப்ளக் போட்டேன். பழையதையும் எஞ்சின் உடம்பில் வைத்து மாமாவைக் கயிற்றை இழுக்கச் சொல்லிப் பார்த்தேன், நீலமாகப் பொறி வந்தது. பெட்ரோல் வருகிறது, காற்று வருகிறது, பொறி வருகிறது. இதற்குமேல் ஒரு எஞ்சினுக்கு என்ன வேண்டும்?

இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை உள்ளே "டப்" என்று ஒரு அடி. கயிறு என் கையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடியது. கைப்பிடி மூடியில் அடித்து நடுவிரல் நகம் கறுத்துவிட்டது. நான் சொன்ன வார்த்தையைக் கல்லறைத் தோட்டத்தில் சொல்லக் கூடாது.

செபஸ்தி மாமா அசரவே இல்லை. "இப்படித்தான் அன்னைக்கும் புடுங்குச்சு" என்றார்.

"என்னைக்கு?"

"அன்னைக்குத்தான்லே. ஒங்கப்பன் கையப் புடுங்குச்சு. தோள்பட்டை வரைக்கும் வெட்டி இழுத்துருச்சுன்னு சொன்னாரு."

நான் ஸ்பானரை எடுத்தேன். ஏனென்றால், பெட்ரோல் அதிகமாகிப் போன எஞ்சின் கையைப் பிடுங்காது. அது சும்மா ஈரமாய்ச் சுற்றும், அவ்வளவுதான். பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்னாலேயே பொறி விழுந்தால்தான் இப்படித் திருப்பி அடிக்கும். பொறி நல்ல பொறிதான், விழுகிற நேரம் தப்பு. அப்படியானால் நான் போனில் சொன்ன கண்டுபிடிப்பு மொத்தமும் தப்பு. ப்ளக்கைத் தொடைத்தால் சரியாகிற கோளாறே இல்லை அது. பத்துத் தடவை இல்லை, ஆயிரம் தடவை இழுத்திருந்தாலும் கிளம்பியிருக்காது.

மேல்மூடியைக் கழற்றினேன். ஃப்ளைவீல் நட்டைத் தளர்த்தி, கட்டையை வைத்து ஒரு தட்டுத் தட்டினதும் சக்கரம் கழன்று வந்தது. சக்கரத்துக்கும் நடுத் தண்டுக்கும் இடையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு அலுமினியத் துண்டு இருக்கும். கீ என்போம். சக்கரத்தைத் தண்டோடு சரியான இடத்தில் பிடித்து வைப்பது அதுதான். அதை வேண்டுமென்றே மெத்தென்ற உலோகத்தில் செய்திருப்பார்கள். பிளேடு ஏதாவது அசையாத பொருளில் மோதி எஞ்சின் சடாரென்று நின்றால், தண்டு வளையாமல் இந்தத் துண்டு வெட்டுப்படும். உங்கள் வண்டியில் அது பாதி வெட்டுப்பட்டு, படிக்கட்டு மாதிரி நகர்ந்து நின்றது.

அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் போன் பேச்சில் ஒரு துண்டு ஞாபகம் வந்தது. மேலே நான் எழுதியதில் அது இல்லை, கவனித்தீர்களா? ஏமாற்றுவதற்காக விடவில்லை. வியாழக்கிழமை வரை எனக்கு ஞாபகம் இருந்த அளவைத்தான் அங்கே எழுதினேன். சோக் போட்டேன்டா என்று சொல்லிவிட்டு நீங்கள் இன்னும் சொன்னீர்கள்:

"ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. திடீர்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, அதுல நின்னு—"

"சத்தம் கித்தமெல்லாம் அப்புறம்ப்பா" என்றேன் நான்.

மெஷின் படித்தவன் நான். சத்தம் கேட்டு நின்றது என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? முதல் வருஷப் பையனுக்குத் தெரியும். எதில் இடித்தது?

பத்து மாசம் கழித்து அந்தக் கேள்வியை மாமாவிடம் கேட்டேன்.

"கல்லுலதான்" என்றார்.

"எந்தக் கல்லு?"

"கல்லறைத் தோட்டத்துல கல்லுக்கு என்னலே பஞ்சம்? ஏதோ ஒரு கல்லு."

"எந்த இடத்துல?"

"செத்த நேரம் சும்மா இருக்கியா? டீ குடிச்சிட்டு வருவோம்."

மாமா ஒரு கேள்வியை இத்தனை தடவை தட்டிக்கழித்து நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டு நானே நடந்தேன். கீழே குனிந்து, இடுப்புப் புல்லை விலக்கிக்கொண்டு வரிசை வரிசையாக. அவர் பின்னாலேயே வந்தார், "பாம்பு கெடக்கும்லே, ஏலே" என்று சொல்லிக்கொண்டு. அம்மா கல்லறைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

அம்மாவின் சிமெண்டுப் பலகை மேல், சிலுவைக்கு அடியில், ஒரு கறுப்பு கிரானைட் துண்டு படுத்துக்கிடந்தது. ஒரு மூலை உடைந்து, வெள்ளையாய்ப் பொரிந்திருந்தது. நம் வீட்டுச் சமையல் மேடையில் மிஞ்சிய துண்டு. அதைக் கொண்டுவந்தது நான்.

போன வருஷக் கல்லறைத் திருநாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கல்லறைகளை மந்திரித்துத் தண்ணீர் தெளிக்கச் சாமியார் வரும்போது நல்ல காற்று. எல்லாருடைய மெழுகுவர்த்தியும் அணைகிறது, ஏற்றுகிறார்கள், அணைகிறது. ஆளாளுக்குத் தேங்காய்ச் செரட்டை, அட்டைப்பெட்டி, வெட்டின தண்ணீர் பாட்டில் என்று வைத்து மறைக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டு கிரானைட் துண்டை எடுத்துவந்து, காற்று வருகிற பக்கம் அரை அடி பள்ளம் தோண்டி நட்டேன். அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. நம் மெழுகுவர்த்தி மட்டும் கடைசி வரை நின்று எரிந்தது. "பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன். ஓசூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியிலேயே கிளம்பினேன். கல்லைப் பிடுங்கவில்லை. அதன் மேல் புல் வளர்ந்தது.

மாமா இப்போது தானாகவே பேசினார். "ஒண்ணு நீட்டமா வெளியே தெரிஞ்சுச்சு, அத அவரு பாத்து ஒதுங்கிட்டாரு. இது குட்டை. புல்லுக்குள்ள கெடந்திருக்கு. டமார்னு ஒரு சத்தம், வண்டி நின்னுபோச்சு. ரெண்டு கல்லையும் ஆட்டி ஆட்டிப் புடுங்குனாரு. அப்பறந்தான் ஒனக்குப் போன் போட்டது."

"என் கல்லுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம? 'செபஸ்தி, பயகிட்ட மூச்சு விட்றாத'ன்னாரு. 'அவன் கல்லுன்னு தெரிஞ்சா அதையே நெனச்சுக்கிட்டு அங்க சோறு திங்க மாட்டான். நான் இடிச்சதாவே இருக்கட்டும்'னாரு."

அப்பா, இதை நீங்களா சொன்னீர்கள்?

ஒரு தடவை டிப்போவில் வண்டியின் இடது பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அது முந்தின ஷிப்ட்டிலேயே விழுந்தது என்று நிரூபிக்கிற வரைக்கும் நீங்கள் சாப்பிடப் போகவில்லை. கொண்டை ஊசி வளைவில் எதிரே வாழைத்தார் லாரி வந்தாலும் ஒரு இலை உரசாமல் ஒதுக்குவேன் என்று கல்யாண வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள். நீங்கள் இடிக்காத இடியை, "நான் இடிச்சதாவே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டால், நான் சத்தம் கித்தம் என்கிறேன்.

நான் மாமாவை விடவில்லை. "போனை வச்ச பிறகு எத்தனை தடவை இழுத்தாரு?"

"ரெண்டு இருக்கும்."

"ரெண்டா? பத்தா?"

"ரெண்டு தடவ இழுத்தாரு, கையப் புடுங்குச்சு, 'போதும், பய வந்து பாக்கட்டும்'னு மூடி வச்சிட்டாரு. டீ குடிச்சோம். வீட்டுக்குப் போனாரு."

"நல்லா ஞாபகம் இருக்கா மாமா? ரெண்டுதானா?"

"ஏலே, நான் என்ன ஒங்கப்பன் வண்டிக் கண்டக்டரா, டிக்கெட்டு டிக்கெட்டா எண்ணிக்கிட்டு நிக்க? ரெண்டுன்னா ரெண்டுதான், போ."

அவர் உண்மையைச் சொல்கிறாரா, எனக்காகக் குறைத்துச் சொல்கிறாரா? சோதித்துப் பார்க்க வழியில்லை. எத்தனை தடவை இழுத்தார்கள் என்று பதிந்துவைக்கிற எதுவும் அந்த மெஷினில் இல்லை. நான் தேடினேன். கயிற்றின் தேய்மானத்தைக்கூடப் பார்த்தேன், சிரிக்காதீர்கள். அதோடு கேள்வி இன்னும் கெட்டுப்போனது. கயிறா, கல்லா? ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாரு என்கிறாரே, அரை அடி ஆழத்துக்கு அசையாமல் நட்டது யார்? எந்தப் பக்கம் போனாலும் நான்தான் வருகிறேன்.

சாயங்காலம் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பத்து மாசத்தில் முதல் தடவையாக. அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"ஒப்புரவு, பாவமன்னிப்பெல்லாம் கேக்குறதுக்குச் சாமியாரு இருக்காக, எங்கிட்ட எதுக்கு வந்த?" என்றார். அப்புறம், "ஏலே ஜெரோமு, நீ சொல்லி எங்கண்ணன் எதையாச்சும் கேட்டிருக்காகளா? மாத்திரை போடுங்கன்ன, போட்டாகளா? ஊறுகாயத் தொடாதீகன்ன, விட்டாகளா? இது ஒண்ணுக்கு மட்டும் ஓம் பேச்சக் கேட்டு இழுத்துச் செத்துப்போனாகளாக்கும்? ரொம்பத்தான் நெனப்பு ஒனக்கு."

சிரித்துவிட்டேன். ரொம்ப நாள் கழித்து. வாதம் பலமானதுதான், மறுக்க முடியவில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எழுத முடியாது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு நாளா முட்டி வலியோட ஒரே ஒரு காரியத்துக்குக் காத்துக் கெடக்கேன். எங்கண்ணன் தலைமாட்டுல உக்காந்து ஒரு செபமாலை சொல்லணும். அந்தப் புல்லுக்குள்ள நான் எப்படி வருவேன்? அத வெட்டு மொதல்ல. அப்பறம் அழுவு" என்றார்.

வெள்ளிக்கிழமை கீ தேடிப் போனேன். திண்டுக்கல் முழுக்கச் சுற்றி, கடைசியில் திருச்சி ரோட்டில் மருந்து தெளிப்பானும் களையெடுக்கும் மெஷினும் விற்கிற கடையில் நின்றேன். கடைக்காரர் உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இதே அலுமினியத்துல ஏன் தம்பி? இரும்பையே அரத்துல ராவிக் குடுத்துர்றேன். ஆயுசுக்கும் ஒடையாது."

"ஒடையணும்ணே. அதுக்குத்தான் அது."

"ஒடையணும்னு கேட்டு வாங்குற மொத ஆளு நீங்கதான்" என்று உள்ளே போய், அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டியாகத் தேடி, ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய துண்டைக் கடை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஞாபகார்த்தம் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். பைக்கை எடுத்து, வடமதுரைப் பக்கம் திரும்புகிற இடம் வரைக்கும் போய், திரும்பி வந்து, தொட்டிக்குள் கையை விட்டு எடுத்தேன்.

இன்று காலையில் மாட்டினேன். புதுக் கீ, மழுங்கிப்போன பிளேடுக்குப் பதில் புது பிளேடு, புதுப் பெட்ரோல். மாமா சிலுவை போட்டுக்கொண்டார். ஒரே இழுப்பு. கிளம்பிவிட்டது. கரும்புகை கக்கி, இருமி, அப்புறம் நீங்கள் ஓட்டும்போது வருமே, அந்தச் சீரான சத்தம். மாமா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. உடனே அணைத்தேன்.

"ஏண்டா நிப்பாட்டுன? ஓடுதுல்ல, ஓட்டு!"

"இருங்க மாமா."

ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து, புல்லுக்குள் குத்திக்கொண்டே போனேன். ஒரு வரிசைக்கு அரை மணி நேரம் ஆனது. எனக்கு அது எவ்வளவு பெரிய சிரமம் என்று உங்களுக்குத் தெரியும். செரட்டைகள், உடைந்த பாட்டில், அரைச் செங்கல் ஏழெட்டு. எல்லாம் நம்மைப் போலவே யாரோ ஒரு திரியைக் காற்றிலிருந்து காப்பாற்ற வைத்துவிட்டு மறந்துபோனவை. எல்லாவற்றையும் கதவோரம் குவித்துவிட்டு, அதற்கப்புறம் ஓட்டினேன். அம்மா வரிசையில் உங்கள் மண்மேடு இன்னும் இறுகவில்லை, சக்கரம் புதைகிறது. அந்த இடத்தை மட்டும் உட்கார்ந்து அரிவாளால் அறுத்தேன். சாயங்காலம் அத்தை வந்தார். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். செபமாலை முழுவதும் சொன்னார், நடுவில் இரண்டு தடவை உங்களைத் திட்டினார்.

இவ்வளவும் முடிந்துவிட்டது, வண்டி ஷெட்டுக்குள் ரிவர்ஸில் நிற்கிறது, எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை. "அதுல நின்னு" என்றதோடு நான் வெட்டினேனே, அதற்கப்புறம் என்ன சொல்ல வந்தீர்கள்? "அதுல நின்னுபோச்சு" என்பது மட்டும்தானா? இல்லை, கை வலிக்குதுடா என்று சொல்ல வந்தீர்களா? கல்லைப் பிடுங்கியதில் மூச்சு வாங்குது என்றா? எனக்கு வேண்டியது அந்த மீதி வாக்கியம். வேறு எந்தப் பதிலையும் இனி டாக்டரிடமோ மாமாவிடமோ கேட்க மாட்டேன். மீதி வாக்கியம் கிடைக்கப்போவதில்லை என்றும் தெரியும். தெரிந்தும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எழுத்தில் கொடுக்கிறேன். இனி எவர் என்னிடம் வந்து "ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று ஆரம்பித்தாலும், லைன் நிற்கட்டும், மேனேஜர் தலைமாட்டில் நிற்கட்டும், அவர் முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன். என்ன சத்தம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பேன். கடைசிக் கேள்வியை முதலில் கேட்கப் பழகிக்கொள்கிறேன்.

நாளைக்கு உங்களுக்கும் அம்மாவுக்கும் கல் நடமாட்டேன். காற்று இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். மெழுகுவர்த்தி அணையும், ஏற்றுவேன். அணையும், இன்னொரு தடவை ஏற்றுவேன். நாளைக்கு ஓசூர் பஸ்ஸைப் பிடிக்கப் போவதில்லை, லீவை ஒரு நாள் நீட்டிச் சொல்லிவிட்டேன். மெழுகு கடைசிச் சொட்டு உருகி முடிகிற வரைக்கும் அங்கேயே நிற்பேன்.

கல்லை நட்டது நான்தான், நீங்கள் எங்கேயும் இடிக்கவில்லை என்று ஊரறிய எழுதிக் கொடுக்கும்,
உங்கள் பய,
ஜெரோம்